என்ஸ்லேவ்ட் கேமை முழுதாக ஆடியவர்கள் இருக்கிறீர்களா? இப்போது எடுத்து ஆடலாமா?

கரைமணல்

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை என்றாலே எனக்கு ஒரு இழுப்பு உண்டு. ஃபால்அவுட் வரிசை, மெட்ரோ வரிசை, தி லாஸ்ட் ஆஃப் அஸ் எல்லாம் முடித்தாயிற்று. இந்த வகையில் யாரும் சரியாகக் கண்டுகொள்ளாமல் போன கேம் எது என்று பேச்சு எழும்போதெல்லாம் 2010-இல் வந்த 'என்ஸ்லேவ்ட்: ஒடிஸி டு தி வெஸ்ட்' பெயரை யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நிஞ்சா தியரி செய்தது, நாம்கோ பண்டாய் வெளியிட்டது என்பது வரை தெரியும். ட்ரெய்லரில் பார்த்த, செடிகொடி மூடின நியூயார்க் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

ஆனால் அது பிஎஸ் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பழைய கன்சோல்கள் காலத்துக் கேம். அந்தக் காலத்தில் நன்றாக இருந்த பல கேம்களை இப்போது கையில் எடுத்தால் கேமராவோடு சண்டை போடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. அதனால் கேட்கிறேன்: சண்டை எப்படி? ஏறித் தாவும் பகுதிகள் எப்படி? கதைக்காக மட்டுமே ஆடலாம் என்ற அளவுக்குக் கதை கனமானதா? இவ்வளவு பேர் நல்லது என்று சொல்லும் கேம் ஏன் விற்கவில்லை?

முடிவைச் சொல்லாமல் பதில் எழுதினால் சந்தோஷம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.

பழையகன்ட்ரோலர்

ஆடுங்கள், யோசிக்கவே வேண்டாம். அந்தத் தலைமுறையில் வந்த ஒற்றை ஆள் கேம்களில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான், அதற்கு ஒரே காரணம் அந்த இரண்டு பேர்.

தொடக்கத்தில் அடிமைகளை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு விமானத்தில், நாம் ஆடும் நாயகன் மங்கி கூண்டில் கிடக்கிறான். ட்ரிப் என்ற பெண் தன் கூண்டைத் திறந்து தப்புகிறாள், அவள் செய்த வேலையில் விமானமே விழப்போகிறது, இவன் உயிர் தப்ப அவள் பின்னால் ஓடுகிறான். விழுந்து எழுந்து கண் விழித்தால் இவன் தலையில் ஒரு பட்டை மாட்டியிருக்கிறது. மாட்டியவள் அவள்தான். அவள் இதயம் நின்றால் இவனும் சாவான், அவளை விட்டு ரொம்ப தூரம் போனாலும் சாவான். முன்னூறு மைலுக்கு அப்பால் இருக்கும் தன் ஊருக்கு அவளால் தனியாகப் போய்ச் சேர முடியாது, அதனால் பலமுள்ள ஒருவனை அடிமையாக்கிக் கூட்டிக்கொண்டு போகிறாள். கேமின் பெயரில் இருக்கும் அடிமைத்தனம் வில்லன் செய்ததாக மட்டும் இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தால், கதாநாயகியே அதைச் செய்கிறாள். அதுவும் அழுதுகொண்டே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செய்கிறாள். அவன் கோபம் நியாயம், அவள் பயமும் நியாயம். இங்கிருந்து ஒரு கதையைத் தொடங்கத் தைரியம் வேண்டும்.

அதன் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடப்பது மெதுவாக நடக்கிறது. ஒரே காட்சியில் மனம் மாறி நண்பர்களாகிவிடுவதில்லை. முதலில் அவன் அவளிடம் பேசுவதே அதட்டலாகத்தான் இருக்கும், பிறகு எப்போது அது தணிந்தது என்று உங்களால் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. வசனம் எழுதியதில் நாவலாசிரியரும் திரைக்கதையாசிரியருமான அலெக்ஸ் கார்லண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வாயால் சொல்ல வேண்டியதை முகத்துக்கு விட்டுவிடும் எழுத்து அது.

ஒற்றைப்பனை

கதை விஷயத்தில் மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் கேமாக எப்படி என்றும் கேட்டிருக்கிறார், அதையும் நேராகச் சொல்ல வேண்டும்.

ஏறித் தாவும் பகுதிகளில் நீங்கள் விழவே மாட்டீர்கள். பிடிக்க வேண்டிய கம்பி, விளிம்பு எல்லாம் மின்னிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி பட்டனை அழுத்தினால் மங்கி தாவிவிடுவான், தவறான பக்கம் தள்ளினால் தாவ மாட்டான், அவ்வளவுதான். பார்க்க அற்புதம், அவன் உடம்பு வளைந்து ஊசலாடுவதை ரசிக்கலாம். ஆனால் கையில் பதற்றமே இல்லை. 2012-இல் யூபிசாஃப்ட் ஷாங்காய் செய்த 'ஐ ஆம் அலைவ்' ஞாபகம் இருக்கிறதா? அதுவும் கவனிக்கப்படாமல் போன, உலகம் அழிந்த பிறகான கேம்தான். அதில் ஏறும்போது உடல் வலு ஒரு பட்டையாகக் குறைந்துகொண்டே வரும், நடுச்சுவரில் தீர்ந்துபோனால் கதை முடிந்தது, எந்த வழியாக ஏறுவது என்று கீழே நின்றே கணக்குப் போட வேண்டும். துப்பாக்கியில் குண்டே இல்லாமல் எதிரியை நோக்கி நீட்டி மிரட்டலாம். காட்சி அழகில் அது என்ஸ்லேவ்ட் பக்கத்தில்கூட வராது, ஆனால் அழிந்த உலகில் உயிரோடு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அது கைவிரலுக்குக் கொண்டுவந்தது. என்ஸ்லேவ்ட் அதைக் கண்ணுக்கு மட்டும்தான் காட்டுகிறது.

சண்டையும் அப்படித்தான். ஒரு தடி, லேசான அடி, கனமான அடி, சுழற்றி அடிப்பது, கேடயம், விலகுவது. தடியிலிருந்து மயக்கும் குண்டு, பிளாஸ்மா குண்டு இரண்டும் விடலாம். ஒரு சில இயந்திரங்களை அடித்துச் சாய்த்த பிறகு அதன் துப்பாக்கியையே பிய்த்தெடுத்து மற்றவற்றைச் சுடலாம், அது மட்டும் ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கும். மற்றபடி கேமரா முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால் பின்னாலிருந்து வருவது தெரியாது, மூன்று நான்கு எதிரிகள் சூழ்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கன்சோலில் ஃப்ரேம் ரேட்டும், அதாவது படம் ஓடும் வேகமும், சில இடங்களில் திணறும்.

மின்மினி07

ஒற்றைப்பனை சொன்ன குறைகள் எல்லாம் உண்மை, ஆனால் ஏறும் பகுதியைப் பற்றிய முடிவில் எனக்கு உடன்பாடில்லை. மங்கி யார்? காட்டிலும் இடிபாட்டிலும் தனியாக வாழ்ந்தவன். அவனுக்குச் சுவர் ஏறுவது நமக்குப் படிக்கட்டு ஏறுவது மாதிரி. அவன் தடுமாறி விழுந்துகொண்டே இருந்தால் ட்ரிப் ஏன் இவனைத் தேர்ந்தெடுத்தாள் என்ற கேள்வி வந்துவிடும். ஐ ஆம் அலைவ் நாயகன் சாதாரண ஆள், அவன் திணறுவது பொருத்தம். அவள் அவன் முதுகில் ஏறிக்கொண்டதும், அல்லது அவளை ஒரு விளிம்புக்குத் தூக்கி எறிய வேண்டி வந்ததும், நமக்கே ஒரு கவனம் வந்துவிடுகிறது. அந்தப் பதற்றம் போதும் என்று நினைக்கிறேன்.

நடிப்பைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. மங்கியாக ஆண்டி செர்கிஸ், குரல் மட்டும் இல்லை, உடம்பும் முகமும் அவருடையது, காட்சிகளை இயக்கியதிலும் அவருக்குப் பங்கு. ட்ரிப்பாக லிண்ட்ஸி ஷா, பின்னால் அவர்களோடு வந்து சேரும் பிக்ஸியாக ரிச்சர்ட் ரைடிங்ஸ். இதே ஸ்டுடியோ 2007-இல் செய்த ஹெவன்லி ஸ்வோர்டிலும் செர்கிஸ் இருந்தார், அங்கே அரசனாக. அங்கே நடிப்பு பெரிது பெரிதாக இருக்கும், நாடக மேடை அளவுக்கு. இங்கே அதே ஆட்கள் குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ட்ரிப் பொய் சொல்லும்போது அவள் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். 2010-இல் பெரும்பாலான கேம்களில் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினாலே பெரிய விஷயம்.

அப்புறம் அந்த நிறங்கள்! அழிந்த உலகம் என்றால் பழுப்பும் சாம்பலும்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டிருந்த நேரத்தில், இதில் பச்சையும் சிவப்பும் நீல வானமும். போருக்குப் பிறகு பல ஆண்டுகள் போனால் மனிதர் இல்லாத இடத்தை மரங்கள் எடுத்துக்கொள்ளும், அதுதான் இயல்பு. அழிந்தது நம் உலகம்தானே தவிர உலகமே இல்லை என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் காட்டிவிடுகிறார்கள். பிறகு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ், ஹொரைசன் இரண்டிலும் பச்சை மூடிய நகரங்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். இதற்கு நிதின் சாஹ்னி போட்ட இசையை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கரைமணல்

நன்றி, இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. ட்ரிப் செத்தால் மங்கியும் சாவான் என்றால், முழு கேமும் ஒரு ஆளைக் காவல் காத்துக்கொண்டே போகும் வேலையா? கூட வரும் பாத்திரம் தானாகப் போய் எதிரி முன்னால் நிற்பதும், நாம் திரும்பத் திரும்ப செக்பாயிண்ட்டிலிருந்து தொடங்குவதும் எனக்கு ஆகவே ஆகாது.

பழையகன்ட்ரோலர்

அந்தப் பயம் வேண்டாம் நண்பா. ட்ரிப் பெரும்பாலும் புத்தியாக ஒளிந்துகொள்வாள். ஏதாவது இயந்திரம் அவளைப் பிடித்தாலும் ஒரு மின்காந்த வெடிப்பை விட்டு அதைச் சில நொடி முடக்குவாள், அதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்தால் போதும். திரும்ப அது சார்ஜ் ஆக நேரம் பிடிக்கும், அதனால் அலட்சியமாகவும் இருக்க முடியாது.

உண்மையில் அவள் செய்யும் வேலைதான் அதிகம். தும்பி வடிவ இயந்திரம் ஒன்றை அனுப்பி முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். கண்ணிவெடி எங்கே, தூங்கும் இயந்திரங்கள் எங்கே, எதன் பலவீனம் என்ன என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். துப்பாக்கிக் கோபுரம் சுட்டுக்கொண்டிருந்தால் தன் பொய்யுருவத்தை ஒளியால் காட்டி அதன் கவனத்தைத் திருப்புவாள், நீங்கள் அடுத்த மறைவுக்கு ஓடலாம். பிறகு நீங்கள் கத்தி ஆர்ப்பாட்டம் செய்து கவனத்தை இழுத்தால் அவள் ஓடி வருவாள். மாறி மாறி ஒருவருக்கொருவர் வழி செய்துகொள்வது மாதிரி அமைத்திருக்கிறார்கள். சேர்த்த சிவப்பு உருண்டைகளைக் கொண்டு உங்கள் தடியையும் கேடயத்தையும் உடல் வலுவையும் மேம்படுத்துவதும் அவள்தான். ஆகவே அவளை நான் சுமையாக உணரவில்லை. அவள் கூட இல்லாத சில பகுதிகளில்தான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

தனிவழி

ஏன் விற்கவில்லை என்ற கேள்விக்கு என் கணக்கு.

முதல் காரணம் வந்த நேரம். 2010 அக்டோபர் தொடக்கம். அதற்கு முந்தைய மாதம் ஹேலோ: ரீச் வந்திருந்தது. அதே அக்டோபரில் காசில்வேனியா: லார்ட்ஸ் ஆஃப் ஷேடோ, மெடல் ஆஃப் ஹானர், ஃபால்அவுட்: நியூ வேகஸ். நவம்பரில் கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ், அசாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட். இதில் காசில்வேனியா கிட்டத்தட்ட இதே வகை கேம், அமெரிக்காவில் அதே நாளில் வந்தது. உலகம் அழிந்த கதை வேண்டும் என்பவர்களுக்கோ இரண்டு வாரத்தில் ஃபால்அவுட். எட்டு, பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும், பல பேர் சேர்ந்து ஆடும் வசதி இல்லாத, முன்பின் கேள்விப்படாத ஒரு பெயருக்கு அந்த வரிசையில் யார் முழு விலை கொடுப்பார்கள்? விமர்சனங்கள் நன்றாகவே வந்தன, ஆனால் விற்பனை வெளியீட்டாளர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, அடுத்த பாகமும் நின்றுபோனது.

இரண்டாவது, இது என்ன கேம் என்று ஒரு வரியில் சொல்லி விற்க முடியாது. 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவல் 'மேற்கு நோக்கிய பயணம்' இதன் மூலக்கதை. நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் யுவான் சுவாங் பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வந்த பயணத்தைக் கற்பனையோடு விரித்த கதை அது. துறவிதான் ட்ரிப், கூட வரும் குரங்கு வீரன்தான் மங்கி, பன்றி உருவச் சீடன்தான் பிக்ஸி. தலைப்பட்டைகூட மூலத்திலேயே இருக்கிறது, துறவி மந்திரம் சொன்னால் குரங்கின் தலையை இறுக்கும். குரங்கு ஏறிப் போகும் மேகம் இங்கே காலடியில் மிதக்கும் தட்டாகிவிட்டது. சீன, ஜப்பான் வாசகர்களுக்கு இது சின்ன வயசிலிருந்து பழகிய கதை. மேற்கத்திய சந்தையில் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கோ அமெரிக்க இடிபாடுகளில் நடப்பது விலகலாகத் தெரிந்திருக்கும். எனக்கு அந்த மாற்றம்தான் கேமின் சிறந்த யோசனை. துறவிக்குக் குரங்கை அடக்கும் உரிமை உண்டு என்று மூலக்கதை எடுத்துக்கொள்கிறது, இங்கே அந்த உரிமையைக் கேள்வி கேட்கிறார்கள்.

மிதக்கும் தட்டில் போகும் பகுதிகள் குறைவு, அதுவும் அவர்கள் அனுமதிக்கும் இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஓடுவதே அவ்வளவு சுகமாக இருக்கும் ஒன்றை எடுத்து இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பிசியில் ஆடுவதாக இருந்தால் 2013-இல் வந்த பிரீமியம் பதிப்பைப் பாருங்கள், பிக்ஸியை வைத்து வந்த கூடுதல் கதையும் அதில் சேர்ந்தே வரும். அது முழுக்க வேறு மாதிரி ஆட்டம், ஒளிந்து போய் தூரத்திலிருந்து சுடுவது. தனியாகக் கிடக்கும் ஒருவன் தனக்கென ஒரு நண்பனைச் செய்துகொள்ளக் கிளம்பும் கதை, முதன்மைக் கதைக்கு முன்னால் நடப்பது. ஆனால் முதன்மைக் கதையை முடித்துவிட்டே அதை ஆடுங்கள். பிக்ஸியை அறிந்த பிறகுதான் அது வலிக்கும்.

இடிமுழக்கம்

எச்சரிக்கை: இதற்குக் கீழே முடிவு வரை எல்லாம் சொல்லப் போகிறேன். கரைமணல், நீங்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவு பேர் புகழும் கதைதான் கடைசியில் கை விட்டுவிட்டது என்பது என் எண்ணம். ட்ரிப் வீட்டுக்கு வந்து சேர்கிறாள், அங்கே ஒருவரும் உயிரோடு இல்லை, அப்பாவும் போய்விட்டார். வீடு சேர்ந்ததும் விடுவிப்பேன் என்ற வாக்கை மீறி, இதைச் செய்தவனைக் கொல்லும் வரை நீ எனக்கு வேண்டும் என்கிறாள். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் காட்சிதான் கேமின் உச்சம். ஆனால் அதற்குப் பிறகு பிக்ஸி வந்து சேர்ந்ததும் போக்கு மாறி, நகைச்சுவையும் பெரிய இயந்திரச் சண்டையுமாகப் போகிறது. பிக்ஸி தன் உயிரைக் கொடுத்து அவர்களை அனுப்பிவைக்கிறான், அதற்கு அழக்கூட அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. பிரமிட் எனப்படும் இடத்துக்குள் போனால் அதே பெயரில் ஒரு கிழவர், உண்மையான மனித முகத்தோடு, திரையில் பேசுகிறார். அடிமைகளாகப் பிடித்துவந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போருக்கு முந்தைய தன் நினைவுகளைக் கொடுத்து வாழவைக்கிறாராம். இதை முன்கூட்டியே விதைக்காமல் கடைசிச் சில நிமிடத்தில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ட்ரிப் அவரைப் பிடுங்கிப் போட்டுக் கொல்கிறாள், நான் செய்தது சரியா என்று கேட்கிறாள், படம் அணைகிறது. இவ்வளவு பெரிய கேள்வியை ஆற அமரப் பேச இடம் கொடுத்திருக்க வேண்டாமா?

மின்மினி07

இதிலும் முடிவு வருகிறது, ஆடாதவர்கள் தாண்டிப் போங்கள்.

விதைக்கவில்லை என்பதை ஏற்க முடியாது. வழியெல்லாம் முகமூடிகள் கிடக்கின்றனவே, அவற்றை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மங்கிக்கு யாரோ ஒருவருடைய பழைய வாழ்க்கை ஒரு கணம் கண்ணில் மின்னி மறையும். நிஜமான புகைப்படங்கள், நிஜமான மனித முகம். வரைந்த உலகத்துக்குள் திடீரென்று நிஜம் வருவதால் அது உறுத்தும். கடைசியில் பேசும் முகமும் அந்த நிஜ முகம்தான், அதுவும் ஆண்டி செர்கிஸுடைய முகம். முகமூடிகளை விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு முடிவு திடீரென்று வந்த மாதிரி இருக்கும், அது கேமின் குறைதான், முக்கியமான ஒன்றைச் சேகரிக்கும் பொருளாக ஒளித்து வைத்திருக்கக் கூடாது. ஆனால் இல்லாத ஒன்று இல்லை.

பிக்ஸி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

பழையகன்ட்ரோலர்

முடிவைப் பற்றித்தான் நானும் எழுதுகிறேன், கவனம்.

இடிமுழக்கம், நீங்கள் அந்தக் கடைசிக் கேள்விக்கு இடம் கொடுக்கவில்லை என்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்கான பதில் அதற்கு முன்னாலேயே கேமில் ஆடி முடிக்கப்பட்டுவிட்டது என்று தோன்றுகிறது. பயணத்தின் கடைசிப் பகுதியில் ட்ரிப் தலைப்பட்டையை அணைத்துவிட்டேன் என்று சொல்கிறாளே, மங்கி என்ன சொன்னான்? திரும்பப் போடு என்றான். முதல் மணி நேரத்தில் அதைக் கழற்ற அவளைக் கொல்லக்கூடத் தயாராக இருந்தவன் அவன். அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளலாம், நான் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அது பயமுறுத்தும் காட்சி. அடிமையாக இருந்தவன் தன்னைக் கட்டிப்போட்ட கட்டையே விரும்பத் தொடங்கிவிட்டான், அது நிஜமான அன்பா, பழக்கமா என்று அவனுக்கே தெரியாது. பிரமிட்டுக்குள் இருக்கும் அத்தனை பேரும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் கட்டு இன்னும் அழகானது, அவ்வளவுதான். அந்த முகமூடியைப் போட்டுப் பார்க்கும் மங்கியும் மயங்கித்தான் நிற்கிறான்.

இப்போது ட்ரிப் அத்தனை பேரின் கட்டையும் யாரையும் கேட்காமல் பிடுங்குகிறாள். மங்கிக்குப் பட்டை மாட்டும்போதும் அவள் கேட்கவில்லை. கட்டுவதும் அவிழ்ப்பதும் இரண்டுமே அவள் தனியாக எடுத்த முடிவு, அதனால்தான் கடைசியில் அவள் மங்கியைப் பார்த்துக் கேட்கிறாள், அதைப் பற்றிச் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் அவன்தான். அவன் பதில் சொல்லியிருந்தால் நாம் அதை ஏற்றுக்கொண்டு எழுந்து போயிருப்போம். இன்றும் நாம் இங்கே அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். இதே ஸ்டுடியோ 2017-இல் செய்த ஹெல்பிளேடில் நாயகியின் மனதுக்குள் எது நிஜம், எது இல்லை என்று நம்மைக் குழப்பினார்களே, அந்தத் துணிச்சலின் தொடக்கம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

இடிமுழக்கம்

திரும்பப் போடு என்பதையும் கடைசிக் கேள்வியையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை, நல்ல வாசிப்பு. ஆனாலும் என் புகார் நிற்கிறது: நீங்கள் சொன்னதை உணர வைக்க இன்னும் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. கூண்டிலிருந்து வெளியே வந்த அந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்தார்கள், யாராவது திரும்ப உள்ளே போகக் கேட்டார்களா, அதைக் காட்டாமல் திரையை அணைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. இரண்டாம் பாகம் வந்திருந்தால் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.